சாயம் காயும் நேரம்

பதுளைப் பக்கத்து லயங்களில் பால் ஊற்றாத தேநீருக்குச் சாயம் என்று பெயர். "சாயம் குடிச்சிட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் கேத்தல் அடுப்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சாயத்தில் ஒரு சொட்டு வெள்ளை மேசையில் விழுந்து, துடைக்க மறந்து, விடிந்து பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு வளையம் இருக்கும். ஓரம் மை வைத்துக் கோடு இழுத்தாற்போல் கரும்பழுப்பு; நடுவிலோ ஏதும் விழுந்த சுவடே தெரியாது.

நீர்வண்ணம் தீட்டப் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வளையத்தைத்தான். தூரிகை பிடிப்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

சொட்டு முழுக்க ஒரே சாயம்தான். பிறகு ஏன் ஓரத்துக்கு மட்டும் இத்தனை கருமை? உலகமே காலம் காலமாகத் துடைத்துக்கொண்டிருந்த இந்தக் கறைக்குத் தெளிவான விடை வந்தது 1997-ல்தான். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் மேசையில் சிந்தியது காப்பி என்பதால் அதற்குக் காப்பி வளையம் என்று பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் நடந்திருந்தால் பெயர் வேறாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். சொட்டின் விளிம்பு மேசையின் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் குறையக் குறையச் சொட்டு தட்டையாகிறதே தவிர, விளிம்பு உள்ளே நகர்வதில்லை. விளிம்பில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அங்கே படலம் மெல்லியது, ஆவி வெளியேறத் திறந்த வெளியும் கூடுதல். ஓரத்தில் போன தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடி வருகிறது. வரும்போது சாயத் துகள்களையும் சுமந்து வந்து, தான் மட்டும் ஆவியாகிவிட்டுச் சுமையை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு எல்லாரும் மலையேறிப் போன பிறகு களம் வெறிச்சோடிக் கிடக்குமே, சொட்டின் நடுப்பகுதி அப்படி.

ஒரு பிள்ளை பச்சை வண்ணத்தில் ஓர் இலையைத் தீட்டி வைக்கிறாள். காய்ந்ததும் இலையைச் சுற்றி நேர்த்தியான கரும்பச்சைக் கோடு. "நான் போடல்ல டீச்சர்" என்கிறாள். உண்மைதான். அது தண்ணீர் போட்ட கோடு. எண்ணெய் வண்ணத்தில் ஓவியர் வைத்த இடத்தில் வண்ணம் அப்படியே இருக்கும். நீர்வண்ணத்தில் ஓவியர் கையை எடுத்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. அந்தப் பாதியைச் செய்வது ஆவியாதல். அதற்குக் காற்று, ஈரம், தாள் மூன்றும் உடந்தை. இந்த மூன்றையும் பதுளை இருக்கும் ஊவாவில் வைத்துப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை இங்கே காற்று முற்றிலும் ஆள் மாறிவிடுகிறது.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையின் தலையைத் தாண்டி ஊவாவுக்குள் காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஈரக்காற்று மேலேறும்போது கிலோமீட்டருக்கு ஐந்தாறு பாகை குளிர்கிறது. மழையைக் கொட்டிவிட்டு இறங்கும் வறண்ட காற்றோ கிலோமீட்டருக்குப் பத்துப் பாகை அளவுக்குச் சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது கூடுதல். இதுதான் கச்சான். (இலங்கையில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றே பெயர், இரண்டுக்கும் என்ன உறவு என்பதை மொழியியல்காரர்களிடம் விடுகிறேன்.) நவம்பர் முதல் காட்சி மாறத் தொடங்கும். வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவை நேராகத் தாக்க, அப்புத்தளையில் எதிர் வீட்டுக் கூரை கூடத் தெரியாத பனிமூட்டம்.

ஈரப்பதம் 95 விழுக்காடாக உள்ள ஒரு நாளையும் 50 விழுக்காடாக உள்ள ஒரு நாளையும் எடுத்துக்கொள்வோம். வெப்பமும் காற்றின் வேகமும் ஒன்றே என்றால், தாளிலுள்ள தண்ணீர் ஆவியாகும் வேகத்தை நிர்ணயிப்பது காற்றில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதுதான். முதல் நாளில் 5 பங்கு இடம், அடுத்த நாளில் 50 பங்கு. பத்து மடங்கு வித்தியாசம். மூன்று நிமிடத்தில் காய்ந்த வானம் அரை மணி நேரம் ஈரமாகவே கிடக்கும்.

ஒரு ஓகஸ்ட் மாதம் பண்டாரவளையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வானம் தீட்டினேன். தாளின் இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்துக்கு வருவதற்குள் இடது பக்கம் காய்ந்துவிட்டது. தூரிகையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்த இடமெல்லாம் கோடு. நீல வானத்துக்குப் பதில் நீலச் சட்டை ஒட்டுப்போட்டுத் தைத்தது போல இருந்தது. அதே வருடம் நவம்பரில் துன்ஹிந்த அருவியின் முன்னால் நின்று முயன்றேன். 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் சாரல் தாளில் ஓயாமல் தூவிக்கொண்டிருந்தது. வண்ணம் காயவே இல்லை. அரைகுறையாகக் காய்ந்த இடங்களில் ஒவ்வொரு தூறலும் ஒரு சின்ன வெள்ளைப் பூவைப் பூக்கவைத்தது.

அந்தப் பூவை ஆங்கிலேய ஓவியர்கள் பூக்கோவா என்கிறார்கள். வெலிமடைத் தோட்டங்களில் பூக்கோவாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அதே சுருள் சுருளான விளிம்பு. பாதி காய்ந்த தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், ஈரம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாளின் நார்கள் அதை உறிஞ்சி இழுக்கின்றன. போகிற தண்ணீர் முன்னாலிருக்கும் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், மூச்சு முட்டி நிற்கும் இடத்தில் குவித்துவிடுகிறது. தாள் முழுக்க நனைந்திருந்தாலோ முழுக்கக் காய்ந்திருந்தாலோ இந்தத் தொல்லை இல்லை. இடைப்பட்ட ஈரத்தில்தான் வினை.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கொழுந்து வாட்டும் மாடியில் நடப்பதும் இதே கணக்குத்தான். பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இரவு முழுக்கக் காற்றைச் செலுத்தி அதைக் குறைக்கிறார்கள். குறைவாக வாடினால் உருட்டும்போது சாறு வழிந்து போகும்; கூடுதலாக வாடினால் இலை நொறுங்கும். மேற்பார்க்கிறவர் கைப்பிடிக் கொழுந்தை அழுத்திப் பார்த்து, திறந்ததும் அது எப்படி விரிகிறது என்று கவனிப்பார். நான் தாளைச் சாய்த்து, ஒளிபடும் கோணத்தில் அதன் பளபளப்பைப் பார்ப்பதும் அதே சோதனை. பளபளவென்றிருந்தால் இன்னும் வண்ணம் சேர்க்கலாம். பளபளப்பு மங்கி, தாள் கையில் மட்டும் சில்லென்றிருந்தால் தொடக்கூடாது. கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது, ஏலத்தில் விலையும் ஏறுகிறது. எனக்கோ வானம் தீட்ட ஆகாத மாதங்கள் அவை.

மெதுவாகக் காய்வதிலும் இலாபம் உண்டு. நமுனுகுல மலையைத் தூரத்திலிருந்து தீட்ட அல்ட்ராமரின் நீலம் எடுத்தால், பனிக்காலத்தில் அது தாளில் தானாகவே குருணை குருணையாகப் படிந்து கல்லின் சொரசொரப்பைத் தரும். கோடையில் அதே நீலம் அவ்வளவு நன்றாகக் குருணை கட்டாது. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தாளின்மேல் தண்ணீர்ப் படலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அல்ட்ராமரின் துகள் மூன்று மைக்ரான் விட்டம் இருந்தால், அது தண்ணீரில் நொடிக்கு ஆறேழு மைக்ரான் வேகத்தில் இறங்கும். அரை நிமிடத்தில் அடியைத் தொட்டுவிடும். பசை சேர்ந்த தண்ணீர் கொஞ்சம் கெட்டி என்பதால் நேரம் இன்னும் கூடும். தொட்ட பிறகும் தண்ணீர் மிச்சம் இருந்தால் துகள்கள் தாளின் மேடுகளிலிருந்து உருண்டு பள்ளங்களில் சேரும். அந்த அவகாசத்தைத்தான் பனிக்காலம் தருகிறது.

தாலோ நீலம் என்று ஒரு நவீன நீலம் இருக்கிறது. அதன் துகள் ஏறக்குறைய 0.1 மைக்ரான். அதே கணக்கைப் போட்டால் 0.2 மில்லிமீட்டர் இறங்கப் பதினேழு மணி நேரம் வருகிறது. நடைமுறையில் அது இறங்குவதே இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் அதை இடித்துக்கொண்டே இருப்பதால் அது மிதந்து ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே தாலோ நீலம் வழுவழுவென்று படியும், தாளின் நாருக்குள் புகுந்து கறையாகவும் பிடிக்கும்; அல்ட்ராமரினை ஈரத் தூரிகையால் ஓரளவு எடுத்துவிடலாம், தாலோவை எடுக்க முடியாது. கடைக்காரர் இரண்டையும் நீலம் என்றே விற்பார்.

தாலோத் துகளின் அந்த ஆட்டத்துக்குப் பிரௌனிய இயக்கம் என்று பெயர். அதை அளந்து அணு என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தது ஒரு நீர்வண்ணம்தான். அந்த வண்ணத்துக்கு நம் பக்கத்திலேயே சொந்தக்கார மரம் உண்டு.

நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னிப் பால் என்று கேட்டால் காய்ந்த, பழுப்பு கலந்த மஞ்சள் பிசின் கட்டியைத் தருவார்கள். கடும் பேதி மருந்து. ஓவியர்கள் அதைக் கம்போஜ் என்பார்கள்; கம்போடியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதால் வந்த பெயர். ஈரத் தூரிகையால் தொட்டதும் பழுப்பு மறைந்து கண்ணைப் பறிக்கும் மஞ்சள் எழும். இதைத் தரும் மரங்களில் ஒன்றான கார்சீனியா மொரெல்லா இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இயல்பாக வளர்வது. சிங்களத்தில் கொகட்டு. மீன் குழம்புக்குப் போடும் கொறக்காப் புளிக்கு இது நெருங்கிய உறவு. தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் புளி மரம்தான் அந்த மஞ்சளைத் தருகிறது என்று எண்ணிப் பெயர் வைத்துவிட்டார். உடல் மெலியும் மாத்திரைப் போத்தல்களில் இன்றும் 'கார்சீனியா கம்போஜியா' என்று அச்சாகிறது. ஓவியப் பெட்டியிலிருந்து தவறி விழுந்த ஒரு பெயர் குழம்புச் சட்டி வழியாக மருந்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

1908-ல் பாரிஸில் இயற்பியலாளர் ஜான் பெரன் இந்தப் பிசினைத் தண்ணீரில் சோப்புத் தேய்ப்பது போல் கையால் தேய்த்துக் கரைத்தார். மஞ்சள் பால் வந்தது. அதில் எண்ணற்ற சிறு உருண்டைகள். ஒரே அளவான உருண்டைகளைப் பிரித்தெடுக்க ஒரு கிலோ பிசினைச் சுழற்றிச் சுழற்றி மாதக்கணக்கில் உழைத்தார். மிஞ்சியது ஒரு கிராமுக்கும் குறைவு. அதை நுண்ணோக்கியின் கீழ் நிற்கவைத்து, எந்த உயரத்தில் எத்தனை உருண்டை என்று எண்ணினார். அடியில் அடர்த்தி, மேலே போகப் போகக் குறைவு. ஏறக்குறைய 30 மைக்ரான் உயரத்துக்கு ஒரு முறை எண்ணிக்கை பாதியானது. நம் தலைக்கு மேலுள்ள காற்றும் இதே விதிப்படிதான் மெலிகிறது. ஆனால் அது பாதியாக ஐந்தரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும். 2036 மீட்டர் உயர நமுனுகுல உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மலையளவில் நடப்பதை ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீருக்குள் பார்த்த பெரன், இரண்டையும் ஒப்பிட்டு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டார். பிரௌனிய இயக்கத்துக்கு ஐன்ஸ்டைன் 1905-ல் தாளில் எழுதிய கோட்பாடு கண்முன் நிரூபணமானது. 1926-ல் பெரனுக்கு நோபல் பரிசு.

அதே 1908-ல் ஆனந்த குமாரசுவாமியின் 'இடைக்காலச் சிங்களக் கலை' வெளிவந்தது. குமாரசுவாமியைக் கலைத் தத்துவ அறிஞராகவே நாம் நினைவு வைத்திருக்கிறோம். அவர் படித்தது நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநர். தோரியனைட் என்ற கனிமத்தை இனங்கண்டவர். கல்லைத் தேடித் தீவெங்கும் போனவர் கைவினைஞர்களோடு உட்கார்ந்து அவர்கள் எதை அரைக்கிறார்கள், எதில் குழைக்கிறார்கள் என்றும் குறித்துக்கொண்டார். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரமும் கொகட்டுப் பிசினும், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி, வெள்ளைக்கு ஒரு வெண்மண். சாதிலிங்கத்தைச் சிங்களக் கலைஞரும் சாதிலிங்கம் என்றே சொல்கிறார். எல்லாவற்றையும் குழைக்க விளாம் பிசின்.

இந்த விளாம் பிசின்தான் எனக்கு முக்கியம். கடையில் வாங்கும் நீர்வண்ணத்தில் பிசின் வேலையைச் செய்வது ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் சூடானிலிருந்து வரும் கருவேல இனத்து மரப் பிசின். இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். இரண்டும் தண்ணீரில் கரைந்து, காய்ந்ததும் கண்ணாடி போல் இறுகி, துகளைத் தாளோடு பிடித்து வைப்பவை. திரும்ப நனைத்தால் திரும்பக் கரையும். வேலை முடிந்து காய்ந்துபோன வண்ணத்தட்டை அடுத்த வாரம் நனைத்துத் தொடரலாம் என்பது இதனால்தான். 1780-களில் லண்டனின் ரீவ்ஸ் சகோதரர்கள் வில்லை வண்ணத்தில் தேன் சேர்த்துக் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்தார்கள். பின்னாளில் கிளிசரின் வந்தது. கண்டிக் கலைஞருக்கு அந்த வில்லைகள் தேவைப்படவில்லை. அவருடைய நீர்வண்ணம் விளா மரத்தில் இருந்தது.

வேறுபாடு வெள்ளையில் இருக்கிறது. கோயில் சுவரில் வெண்மண் பூசி வண்ணத்தை மூடலாக வைப்பார்கள். தாளில் தீட்டும் நீர்வண்ணத்தில் வெள்ளை என்று ஒரு வண்ணமே வேண்டியதில்லை, தாள்தான் வெள்ளை. ஒளி மெல்லிய வண்ணப் படலத்தைத் தாண்டித் தாளில் மோதித் திரும்பி, மறுபடியும் அதே படலத்தின் வழியே நம் கண்ணுக்கு வருகிறது. இரண்டு முறை வடிகட்டிய ஒளி. அருவியை வரைய வேண்டுமானால் அருவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரைய வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு தவணை ஆகும். சித்திரக் கொப்பியில் முதல் வேலையாக அருவிக்கு வெள்ளை பூசிவிடுவார்கள்.

ஈரமாக இருக்கும்போது அழகாக இருந்த வண்ணம் காய்ந்ததும் வெளிறிவிடுகிறதே என்ற புலம்பலும் வழக்கமானது. மழையில் நனைந்த செம்மண் பாதை கருஞ்சிவப்பாக இருந்து, வெயில் வந்ததும் வெளிறுவதற்கும் இதற்கும் ஒரே காரணம். துகள்களுக்கு இடையே தண்ணீர் இருந்தால் ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் போய்க் காற்று வந்து உட்கார்ந்ததும், துகளுக்கும் காற்றுக்கும் உள்ள ஒளிவிலகல் வேறுபாட்டால் ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. வெள்ளொளி கலந்த வண்ணம் வெளிறித் தெரிகிறது. எவ்வளவு வெளிறும் என்பதை முன்கூட்டியே கணித்து ஒரு கை கூட்டி வைப்பது அனுபவம்.

இத்தனையையும் கணினிக்குள் கொண்டுவர முடியுமா? சொட்டின் வளையத்துக்கு விளக்கம் வந்த அதே 1997-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேசிடி கர்ட்டிஸும் மற்றவர்களும் முயன்று காட்டினார்கள். தாளின்மேல் ஓடும் தண்ணீர், தாளில் படியும் துகள், நாருக்குள் ஊறும் ஈரம் என்று மூன்று அடுக்குகள். கருத்த விளிம்பு, பூக்கோவா, குருணை எல்லாம் திரையில் வந்தன. இன்று கைபேசிச் செயலிகளில் விரலால் தீட்டும் நீர்வண்ணத்தின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. கச்சான் அடிக்காத நீர்வண்ணம். நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பிழை வந்தால் பின்வாங்கலாம் என்ற ஒரே வசதியே அதன் சுவையைக் கெடுத்துவிடுகிறது.

காய்ந்த பிறகும் ஈரம் விடுவதில்லை. 1888-ல் லண்டனில் வேதியியலாளர் ரஸ்ஸலும் கப்டன் ஏப்னியும் நீர்வண்ணங்கள் வெயிலில் வெளிறுவதைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். கண்ணாடிக் குழாய்களில் வண்ணம் பூசிய தாள்களை வைத்து, சிலவற்றில் சாதாரணக் காற்று, சிலவற்றில் ஈரக் காற்று, சிலவற்றில் காற்றே இல்லை. பெரும்பாலான வண்ணங்கள் ஈரக் காற்றில் வேகமாக வெளிறின. வெற்றிடத்தில் அநேகமாக அப்படியே இருந்தன. ஒளி மட்டும் குற்றவாளி அல்ல, ஈரமும் ஒக்சிசனும் கூட்டு. ரேவல்சின்னிப் பாலும் வெயிலுக்குத் தாங்காத வண்ணம். இன்று 'நியூ கம்போஜ்' என்று விற்பது வேறு நிறமிகளில் செய்தது.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில் தோவ விகாரை இருக்கிறது. பாறையில் முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட பெரிய புத்தர் சிலையைப் பார்க்க பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் குகைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். கண்டிப் பாணிச் சுவரோவியங்கள். வெளியே வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் நின்றால் இருட்டிலிருந்து சிவப்பு எழும், பிறகு மஞ்சள். நேர் வெயில் நுழையாத சுவர். ஓவியம் வைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

என் வீட்டில் குகை இல்லை. அப்புத்தளைப் பனியில் ஒரு பருவம் சுவரில் மாட்டி வைத்த படங்களில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. பூஞ்சணம். தாளில் பூசியிருக்கும் ஜெலட்டின் அதற்கு நல்ல சாப்பாடு. பக்கத்து வீட்டுத் தாத்தா, ஸ்டோரில் பல வருடம் பெட்டி அடித்தவர், அடுத்த நாள் பரணிலிருந்து ஒரு பழைய தேயிலைப் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் சுற்றி ஒட்டியிருந்தது. கப்பலில் போகிற தேயிலைக்கு ஈரம் ஏறாமலிருக்க ஒட்டியது. "இதுல போட்டு மூடி வையுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். ஓகஸ்டில் கச்சான் வீசுகிற ஒரு மத்தியானம் பார்த்துப் படங்களை வெளியே காயவைத்து, சூடு ஆறியதும் அதில் அடுக்கி மூடினேன். இப்போது நமுனுகுலவை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் தாளில் லேசாகத் தேயிலை வாசம் வருகிறது.